பாயின் கையா, வண்டியின் அச்சா

கிஃபாயத்துல்லா பாயின் முகத்தைவிட முதுகுதான் எங்கள் பாதையில் பிரபலம். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மகாபலிபுரம் போகும் எங்கள் கம்பெனி பஸ்ஸை அவர் பன்னிரண்டு வருஷம் ஓட்டினார். அந்தப் பன்னிரண்டு வருஷமும் கண்டக்டர் நான், எல்லப்பன். ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் என்னோடு சண்டை போடுவார்கள், சிரிப்பார்கள், வெற்றிலை மடித்துத் தருவார்கள். பாயோடு யாரும் பேசுவதில்லை. ஓட்டுநருடன் பேசக்கூடாது என்று போர்டு மாட்டியிருந்தது உண்மைதான். அது இல்லாவிட்டாலும் பேசியிருக்கமாட்டார்கள். கேட்டதற்குத் தலையாட்டும் மனிதரிடம் எவ்வளவு நேரம் பேச முடியும்?

சொந்த ஊர் சதுரங்கப்பட்டினம். சண்டைக் காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் கரி அடுப்பைப் பின்னால் கட்டிக்கொண்டு பஸ்கள் ஓடினவே, அதில் தொழில் பழகியவர். ஒரே மகள் ஷஹர்பானுவை வாணியம்பாடியில் கட்டிக்கொடுத்தார். மனைவி பதருன்னிசா விஷக்காய்ச்சலில் போய்விட்டாள். அந்தச் செய்தியை அவர் எனக்குச் சொன்னது ஒரு வரியில்தான். நாளைக்கு வேறு டிரைவரைப் போடச் சொல், வீட்டில் மவுத்து என்றார். நான்காம் நாள் வேலைக்கு வந்துவிட்டார். செங்கல்பட்டுப் பள்ளிவாசலுக்குப் பின்னால் ஓர் அறை, காலையில் ஹோட்டலில் நாஸ்தா, பகலெல்லாம் பஸ். அவருக்கு வேறொன்றும் இல்லை.

ஆனால் ஸ்டீரிங்கைப் பிடித்தால் அவர் ராஜா. ஓடுகிற வண்டியில் எதையும் பிடிக்காமல் நின்றபடி நான் டிக்கெட் எழுதுவேன். அவர் லீவு போட்ட நாட்களில் என் எழுத்து எனக்கே புரியாது. இதை அவரிடம் நான் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லியிருக்கலாம்.

ஐம்பத்தைந்தாம் வருஷம், ஐப்பசி பிறந்த சமயம். திருக்கழுக்குன்றத்துக்கு இந்தப் பக்கம் ஒரு பள்ளத்தில் இறங்கி முன் பக்கத்து ஸ்பிரிங்கான பட்டைச் சுருள் முறிந்தது. வண்டியைக் காசிநாதன் மேஸ்திரியின் பட்டறையில் விட்டோம். அவர் முன் அச்சையே கீழே இறக்கி, சுருளை மாற்றி, அதன் முனையில் தேய்ந்துபோன புஷ் வளையங்களையும் மாற்றினார். நடுவில் ஆயுத பூஜை வந்தது. நான்காம் நாள் நெற்றி நிறையச் சந்தனம், இரண்டு பக்கமும் வாழைக்கன்று என்று வண்டி மாப்பிள்ளைபோல வந்து நின்றது.

முதல் திருப்பத்திலேயே பாய் வண்டி சரியில்லை என்றார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மகாபலிபுரத்தில் டீ குடிக்கும்போது, வழக்கத்துக்கு மாறாக, அவராகவே விளக்கினார். வளைவில் திருப்பிவிட்டுக் கையைத் தளர்த்தினால் ஸ்டீரிங் தானாக நேருக்கு வர வேண்டும், இது வருவதில்லை, நாமே பிடித்து இழுத்துத்தான் கொண்டுவர வேண்டியிருக்கிறது. நேர்ச்சாலையில் வேகம் எடுத்தாலோ, கயிற்றில் கட்டிய நாய்போல ஒருமுறை இந்தப் பக்கம், ஒருமுறை அந்தப் பக்கம் இழுக்கிறது. அவர் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. நான் வடையைத் தின்றுகொண்டு உம் கொட்டினேன்.

காசிநாதனிடம் போய்ச் சொன்னோம். புது புஷ், ஓட ஓடச் சரியாகிவிடும் என்றார். இரண்டு நாள் கழித்துப் பாய் மறுபடி போனார். மேஸ்திரிக்குக் கோபம் வந்துவிட்டது. முப்பது வருஷமாகப் பட்டறை நடத்துகிறவனுக்கு அச்சு மாட்டத் தெரியாதா என்று நாலு பேர் முன்னால் கேட்டார். பாய் திரும்பி வந்துவிட்டார். கம்பெனியின் இன்னொரு டிரைவர் முனிசாமியை ஓட்டிப் பார்க்கச் சொன்னார் முதலாளி பக்தவச்சலம். அவன் காலி வண்டியை ஷெட்டிலிருந்து ரயில்வே கேட்வரை கடைத்தெரு நெரிசலில் ஊர்ந்து போய்த் திரும்பினான். நல்லாத்தான் இருக்கிறது என்றான். நடைவேகத்தில் ஓட்டினால் எந்த வண்டிதான் நல்லா இருக்காது?

பிறகு பாய் யாரிடமும் போகவில்லை. உள்ளங்கையில் தெரிகிற ஒன்றை எடுத்து யாரிடம் காட்டுவது? மகாபலிபுரத்தில் வண்டி நிற்கும் நேரத்தில் முன்பெல்லாம் டீக்கடை பெஞ்சில் என் பக்கத்தில் உட்காருவார், பேசாவிட்டாலும். இப்போது கடற்கரைப் பக்கம் தனியாகப் போய், கவிழ்த்துப் போட்ட கட்டுமரத்தின்மேல் உட்கார்ந்து கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூப்பிடலாமா என்று நினைப்பேன். டீ ஆறிவிடும் என்று குடித்துவிடுவேன்.

பத்தாம் நாள் காலை நடந்தது இது. மீன் கூடைகளைக் கூரையில் ஏற்றிக்கொண்டு செங்கல்பட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். கால்வாய்ப் பாலத்தைத் தாண்டிய வளைவில் எதிரே ஒரு மாட்டுவண்டி. பாய் ஒதுங்கினார். ஒதுங்கிய வண்டி நேருக்குத் திரும்பவில்லை. இடது முன் சக்கரம் சாலையை விட்டிறங்கி மணலில் புதைந்தது. ஆளுக்கு அடியில்லை. மேலேயிருந்து ஒரு கூடை விழுந்து, மீன்காரி ஆதியம்மாளின் மீன் முழுவதும் மண்ணில் புரண்டது. அவள் ஊர் கேட்கக் கத்தினாள். பாய்க்குக் கண் அவிந்துவிட்டது, கை போய்விட்டது என்றாள். பஸ்ஸில் இருந்த நாற்பது பேரும் அதைச் சந்தைக்குச் சுமந்துகொண்டு போனார்கள். மீனைவிட அது வேகமாக விற்றது.

அன்று மாலை முதலாளி எங்கள் இருவரையும் ஷெட்டில் நிறுத்தினார். பாய் மறுபடியும் வண்டிதான் என்றார். முதலாளி என் பக்கம் திரும்பினார்.

"எல்லப்பா, நீ பதினோரு வருசமா கூடவே கீற. நீ சொல்லு. வண்டியா, ஆளா?"

இந்த இடத்தைப் பூசி மெழுகாமல் சொல்லிவிடுகிறேன். பதருன்னிசா போனபிறகு ஒன்றிரண்டு தடவை டீ கிளாஸைப் பிடித்திருந்த அவர் கை நடுங்கியதை நான் பார்த்திருக்கிறேன். அது மனசில் இருந்தது. முதலாளியிடம் எனக்குப் பயமும் இருந்தது. எது என்னைப் பேச வைத்தது என்று இன்றுவரை தெரியவில்லை.

"ஸ்டீரிங்க பத்தி எனக்கு இன்னா தெரியும் மொதலாளி? பாய்க்கும் வயசாவுதில்ல."

அவருக்கு அப்போது ஐம்பத்து மூன்று. பாய் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். திங்கட்கிழமையிலிருந்து முனிசாமி ஓட்டட்டும், பாய் ஷெட்டுக்குக் காவலாக இருக்கட்டும் என்று முதலாளி முடித்துவிட்டார். பாய் சரி என்று தலையாட்டினார். சாவியைக் கொக்கியில் மாட்டிவிட்டு நடந்தே வீட்டுக்குப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை காலை டிக்கெட் புத்தகம் வாங்க ஷெட்டுக்குப் போனேன். எங்கள் வண்டியும் அதே ரகத்து இன்னொரு வண்டியும் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. எங்கள் வண்டிக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. என் செருப்புச் சத்தம் கேட்டதும் உள்ளே வா என்றார். கடுப்போ கனிவோ இல்லாத குரல். சட்டையைப் பற்றிக் கவலைப்படாமல் பக்கத்தில் போய்ப் படுத்தேன்.

அச்சுக்கும் பட்டைச் சுருளுக்கும் நடுவே ஓர் இரும்புத் தகடு வைப்பார்கள். ஆப்புபோல ஒரு பக்கம் தடிமன், மறு பக்கம் மெல்லிசு. அச்சு பின்னால் கொஞ்சம் சாய்ந்து நின்றால்தான் ஸ்டீரிங் தானாக நேருக்கு வரும், அதற்குத்தான் அந்தத் தகடு. பாய் என் கையைப் பிடித்து அதன்மேல் வைத்தார். தடித்த பக்கம் முன்னால் இருந்தது. ஊர்ந்து பக்கத்து வண்டிக்குப் போனோம். அங்கேயும் கையை வைத்தார். தடித்த பக்கம் பின்னால். எங்கள் வண்டியில் இரண்டு சக்கரத்துத் தகடுகளையும் திருப்பி மாட்டியிருந்தார்கள். தடித்த விளிம்பில் சந்தனப் பொட்டும் அதன் நடுவில் குங்குமமும் இன்னும் காய்ந்து ஒட்டியிருந்தன.

"பாய், மொதலாளிய இட்டுனு வரேன்" என்று எழப் பார்த்தேன். அவர் என் கையை விடவில்லை. அச்சைப் பார்த்தபடியே மெதுவாகப் பேசினார்.

"நீ சொன்னதுல தப்பில்ல எல்லப்பா. எனக்கே அந்த டவுட்டு வந்துட்ச்சி. தெனம் வூட்டுக்குப் போயி ஒரு கிளாஸ் நெறைய தண்ணி ஊத்தி கையில புட்சினு ஒக்காந்துனு இருப்பேன். நடுங்குதா இல்லியான்னு எனக்கே தெரியல. வூட்ல ஒரு ஆளு இருந்தா கேட்ருப்பேன்."

நான் இருந்தேனே, கேட்டிருக்கலாமே என்று சொல்ல வாயெடுத்தேன். எப்படிச் சொல்வது? நான் சொன்ன பதில்தான் அவருக்கு ஏற்கெனவே கிடைத்துவிட்டதே.

முதலாளி வந்தார். காசிநாதனுக்கு ஆள் போனது. மேஸ்திரி அடியில் குனிந்து பார்த்துவிட்டு நெடுநேரம் தலையைச் சொறிந்தார். பூஜைக்கு முதல் நாள் பட்டறையிலிருந்த எல்லாச் சாமானையும் மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்தார்களாம். எது முன், எது பின் என்று போட்டிருந்த சாக்பீஸ் கோடும் அதோடு போயிற்று. அடையாளம் போன இடத்தில் பக்தியோடு பொட்டு வைத்துவிட்டு, பூஜை முடிந்ததும் குத்துமதிப்பாக மாட்டிவிட்டார்கள். மேஸ்திரி மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. அன்று மத்தியானமே தகடுகளைத் திருப்பிப் போட்டார். முதலாளி சாவியைக் கொக்கியிலிருந்து எடுத்துத் தன் கையாலேயே பாயிடம் கொடுத்தார். அது அவர் கேட்ட மன்னிப்பு என்று வைத்துக்கொள்ளலாம். நான் அதுகூடச் செய்யவில்லை.

திங்கட்கிழமை பாய்தான் ஓட்டினார். வளைவில் திருப்பி, கையைத் தளர்த்தினார். ஸ்டீரிங் அவர் விரல்களுக்கு நடுவே வழுக்கித் தானாக நேருக்கு வந்தது. நான் பின்னாலிருந்து பார்த்தேன், எனக்கே அழுகை வந்துவிட்டது. வண்டி முழுக்க ஜனம். அவர்கள் யாருக்கும் அது தெரியாது. ஆதியம்மாள் நெத்திலியின் விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள்.

திருக்கழுக்குன்றத்தில் ஆட்கள் இறங்கி ஏறினார்கள். நான் பின் படியில் நின்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு ரைட் என்றேன். வண்டி நகரவில்லை. எட்டிப் பார்த்தேன். பாய் ஜன்னல் வழியாகத் தலையை வெளியே நீட்டி, பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று தானே ஒருமுறை பார்த்தார். பார்த்துவிட்டுத்தான் எடுத்தார். அடுத்த ஊரிலும் அப்படியே. மகாபலிபுரத்தில் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது, நான் வா வா என்று கை காட்டிக்கொண்டிருக்க, அவர் கீழே இறங்கி வந்து இடத்தைப் பார்த்துவிட்டுப் போய் உட்கார்ந்தார். பதினோரு வருஷத்தில் ஒருநாளும் அப்படிச் செய்ததில்லை. என் ஒரு சொல்லுக்கு அத்தனை பேரோடும் வண்டியை எடுத்துக்கொண்டிருந்த மனிதர். டீக்கடை பெஞ்சில் பழையபடி என் பக்கத்தில் உட்கார்ந்தார், எனக்கு வடையும் வாங்கிக் கொடுத்தார். பஸ்ஸுக்குத் திரும்பியதும் மறுபடி தலையை நீட்டிப் பார்த்தார்.

அப்படியே ஒரு வருஷம் ஓட்டினார். பிறகு வேலையை விட்டுவிட்டு வாணியம்பாடிக்கு, மகள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். இப்போது முனிசாமிதான் டிரைவர். நான் ரைட் என்று சொல்லி முடிப்பதற்குள் வண்டியை எடுத்துவிடுகிறான், திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. எனக்குத்தான் பயமாக இருக்கிறது. சொல்வதற்கு முன் இரண்டு தடவை, சில நாள் மூன்று தடவை, இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.