மீட்டர் பெட்டிக்குப் பின்னால் போகிற கை

பரிதாவுக்குச் சின்னக் கை. அந்தக் கைதான் அவளைத் தொழிலுக்குள் இழுத்து வந்தது.

தர்மபுரியிலிருந்து நல்லம்பள்ளி போகிற சாலையில் அவள் கணவர் ஹபீப் கார்களுக்கு எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கும் கடை வைத்திருக்கிறார். கல்யாணமான புதிதில் பரிதா அங்கே சாப்பாடு கொண்டு போவதோடு சரி. ஒருநாள் ஒரு காரின் மீட்டர் பெட்டிக்குப் பின்னால் விழுந்த நட்டை எடுக்க முடியாமல் ஹபீப் திணறிக்கொண்டிருந்தார். பரிதா கையை விட்டுத் துழாவினாள். நட்டு வந்தது. தோல் உரிந்த ஒயர் ஒன்றும் விரலில் தட்டுப்பட, அதையும் சொன்னாள். பானெட்டுக்குக் கீழே ஹபீப், டேஷ்போர்டுக்குப் பின்னால் பரிதா என்று அன்றைக்கே வேலை பிரிந்துவிட்டது. இப்போது பாய் இல்லாவிட்டால் பரவாயில்லை, அம்மா இருக்கிறார்களா என்று கேட்டுக்கொண்டே வண்டியை நிறுத்துகிறவர்கள் உண்டு. ஹபீப் அதற்குக் கோபித்துக்கொள்வதில்லை. எதிர்க்கடையில் டீ சொல்லப் போய்விடுவார்.

அவளுக்கு ஒரு வழக்கம். எந்த வண்டி வந்தாலும் எடுத்தவுடன் ஸ்க்ரூடிரைவரைத் தொடமாட்டாள். வீட்டிலிருந்து கிளம்பும்போது என்னென்ன செய்வார்களோ, அதை ஒன்று விடாமல் செய்து காட்டச் சொல்வாள். சிலருக்குக் கூச்சமாக இருக்கும். இருந்தாலும் விடமாட்டாள்.

சென்ற கோடையில் மொரப்பூர்ப் பக்கமிருந்து ஆரோக்கியராஜ் தன் பழைய காரைக் கொண்டு வந்தார். ரயில் பாதையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கூடவே மனைவி ராஜாமணி. வண்டியில் பெட்ரோல் முள் பாதி டேங்க் காட்டும். வண்டி பெட்ரோல் இல்லாமல் நடுரோட்டில் நிற்கும். சூட்டு முள் சிவப்பைத் தொடும். பானெட்டைத் திறந்தால் என்ஜின் சாதாரணமாக இருக்கும். ஓரிடத்தில் டேங்க்கின் மிதவையை மாற்றினார்கள். இன்னோரிடத்தில் ரேடியேட்டரையே மாற்றினார்கள். முட்கள் திருந்தவில்லை.

அவர்கள் மகள் அன்பரசி தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். வலி எடுத்தால் தர்மபுரி ஆஸ்பத்திரிக்கு இந்த வண்டியில்தான் கூட்டிப் போவேன் என்று ஆரோக்கியராஜ் பிடிவாதமாக நின்றார். ராஜாமணி தன் தம்பி மூலம் வண்டியை விற்க ஏற்பாடு செய்துவிட்டார். மறுநாள் காலை வாங்க ஆள் வருகிறது. அதற்குள் சரியானால் வண்டி வீட்டில் இருக்கும்.

"முள்ளுதாம்மா பொய் சொல்லுது. வண்டிக்கு ஒண்ணுமில்ல," என்றார் ஆரோக்கியராஜ்.

"பொய் சொல்ற வண்டியில எம் புள்ளைய ஏத்தணும்ங்கறாரு," என்றார் ராஜாமணி.

பரிதா வழக்கம்போலச் செய்து காட்டச் சொன்னாள். ஆரோக்கியராஜ் சீட்டை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ராஜாமணி சிலுவைக்குறி போட்டுவிட்டு, கைப்பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து டேஷ்போர்டின் மேல் நன்றாகத் தெளித்தார். மாதா கோயிலில் மந்திரித்த தண்ணீர். மந்திரித்த உப்பையும் அவரே அதில் கரைத்து வைத்திருந்தார். எந்தப் பயணமும் இது இல்லாமல் கிளம்பாது. வண்டி வழியில் நிற்கத் தொடங்கியபின் கூடுதலாகவே தெளிக்கிறாராம். கண்ணாடியோரம் காற்று வருகிற இடுக்கில் தண்ணீர் இறங்குவதைப் பரிதா பார்த்தாள்.

சாவியைத் திருப்பி விளக்கைப் போடச் சொன்னாள். மீட்டருக்குள் பல்புகள் மங்கலாக எரிந்தன. இரண்டு முள்ளும் சேர்ந்து ஏறின. ஒன்று மட்டும் தப்பாகக் காட்டினால் டேங்க்கையோ ரேடியேட்டரையோ சந்தேகப்படலாம். இரண்டும் சேர்ந்து தப்பாகக் காட்டினால் இரண்டுக்கும் பொதுவானதைத்தான் பார்க்க வேண்டும். மீட்டர் பெட்டிக்கு வந்த மின்சாரம் பேட்டரிக்குத் திரும்புகிற வழி, அதாவது எர்த். பேட்டரியின் மைனஸிலிருந்து நீளமாக ஓர் ஒயரை இழுத்து மீட்டர் பெட்டியின் தகரத்தில் தொட்டாள். பல்புகள் பளிச்சென்றன. பெட்ரோல் முள் மெல்ல அடிமட்டத்துக்கு இறங்கியது. சூட்டு முள் நடுவில் வந்து நின்றது.

அந்த ஒயரையே நிரந்தரமாக விட்டுவிடலாமே என்றார் ஹபீப்.

"கெட்டது உள்ளயே கெடக்கும்ங்க," என்று சொல்லிவிட்டுப் பரிதா கையை உள்ளே விட்டாள்.

கறுப்பு ஒயரைப் பிடித்துக்கொண்டே விரல்கள் போயின. அந்த இடுக்குக்கு நேர் கீழே ஒரு போல்ட்டில் ஒயர் முடிந்தது. தொட்டால் நறநறவென்றது. கழற்றி எடுத்தபோது வெள்ளையும் பச்சையுமாகப் பொருக்கு அப்பியிருந்தது.

இனிமேல்தான் பரிதாவுக்குக் கஷ்டம். இதைச் சொன்னால், துலுக்க வீட்டுப் பெண் நம் சாமி தண்ணீரைக் குறை சொல்கிறாள் என்று அந்த அம்மா நினைக்கலாம். சொல்லாமல் புது போல்ட்டைப் போட்டு அனுப்பினால், அதுவும் அரித்துப்போய், வண்டி என்றைக்காவது அன்பரசியோடு நின்றுவிடலாம். ராஜாமணியின் உள்ளங்கையில் போல்ட்டை வைத்தாள்.

"அக்கா, நீங்க தெளிக்கற தண்ணி இதுமேலதான் எறங்குதுங்க. உப்பு அரிச்சிருக்குது."

ராஜாமணியின் முகம் சுண்டியது. "சாமி தண்ணியால வண்டி கெட்டுச்சுங்கறியாம்மா?"

"தண்ணிமேல குத்தமில்லீங்கக்கா. எங்க வூட்லயும் மக்காவுல இருந்து கொண்டாந்த ஸம்ஸம் தண்ணி இருக்குது. குடிப்பேன், கண்ணுல ஒத்திக்குவேன். மீட்டர்ல ஊத்த மாட்டேங்க."

ராஜாமணி போல்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப இத்தன நாளா வண்டிய நிறுத்துனது நீதானா?" என்றார் ஆரோக்கியராஜ்.

"நீங்க ஒழுங்கா ஓட்டுனா நான் எதுக்குத் தெளிக்கறேன்?"

பரிதா சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே குனிந்தாள். தகரம் பளபளக்கும்வரை தேய்த்து, புது போல்ட்டை முறுக்கி, மேலே கிரீஸ் தடவினாள். முள்ளை நம்புவதற்குமுன் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று அவர்களைப் பக்கத்து பங்க்குக்கு அனுப்பினாள். பெட்ரோல் போட்டுவிட்டு வண்டியைக் கிளப்பியதும் முள் மெதுவாக ஏறி, போட்ட அளவுக்குச் சரியாக நின்றதை ராஜாமணியே பார்த்தார். திரும்பி வந்ததும் இறங்காமலே தம்பிக்குப் போன் செய்தார். வண்டி பார்க்க யாரும் வர வேண்டாம், அன்பரசிக்கு வண்டி வேண்டும் என்றார்.

கிளம்பும்போது மறுபடி பாட்டிலைத் திறந்தார். பரிதாவின் கண் டேஷ்போர்டின் இடுக்குக்குப் போனது. பாட்டிலில் மீதியிருந்ததெல்லாம் ஆரோக்கியராஜின் தலையில் விழுந்தது.

"இவருக்குத் துரு புடிக்காதில்லம்மா?" என்று கேட்டார் ராஜாமணி.