பெட்டியாகிப் போன படிகாரம்

அறுபதுகளின் கடைசியில் காஞ்சிபுரத்தில் எங்கள் வீடு அடித்த நாற்றத்தை நினைத்தால் இன்றும் குமட்டுகிறது. கச்சாப் பட்டு நூலைச் சவுக்காரமும் சோடாவும் போட்டுக் கொல்லையில் பெரிய பானையில் அவித்து, சாயம் போட்டுக் கொடுப்பது அப்பாவின் தொழில். நூலின் பசை கரைந்த அந்தப் பழுப்புத் தண்ணீரில் செத்த புழுவின் வாடை வீசும். என் சட்டை, சோறு, தலையணை எதையும் அது விட்டுவைக்கவில்லை. கல்லூரியில் யாராவது கேட்டால், அப்பாவுக்கு ஜவுளி வியாபாரம் என்று சொல்லி வைத்திருந்தேன்.

வேதியியல் செய்முறைக்கு ஆளுக்கொரு படிகாரப் படிகம் வளர்த்துக் காட்ட வேண்டும். பேராசிரியர் நோட்டில் கையெழுத்துப் போட்டால்தான் தேர்வு எழுதலாம். சாயத்துக்கு வாங்கி வைத்திருந்த படிகாரத்தை வெந்நீரில் கரைத்து ஆறவிட்டேன். பட்டு இழையில் ஒரு சிறு படிகாரத் துண்டைக் கட்டி ஜாடிக்குள் தொங்கவிட்டேன். மேலும் கீழும் கூர்மையாக, எட்டு முகத்தோடு அது வளர்ந்தது.

ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் ஜாடியில் பாலாடை போல அழுக்கு மிதந்தது.

"தண்ணி வத்திக்கினே போவுதுபா. நான்தான் பானையிலேர்ந்து ஒரு கரண்டி ஊத்தினேன். புஸ்ஸுன்னு நொரைச்சுது," என்றார் அப்பா. சாயத்தொட்டியில் குறைந்தால் ஊற்றிப் பழகிய கை.

வேறு வளர்க்க நாளில்லை. வடிகட்டி மறுபடி தொங்கவிட்டேன். கூர்முனைகள் மழுங்கின. மழுங்கிய இடங்கள் சதுரமாகிப் பெருத்துக்கொண்டே போய், கடைசியில் அது சின்னப் பெட்டி மாதிரி ஆகிவிட்டது.

"இது உப்புக்கல். உப்புதான் இப்படிப் பெட்டியா வரும். யாரை ஏமாத்தற? நாக்குல வை," என்றார் பேராசிரியர்.

வைத்தேன். துவர்த்தது. கூடவே புழு நாற்றம் தொண்டைவரை போயிற்று. வாயைத் துடைத்துக்கொண்டு, "படிகாரம்தான் சார்," என்றேன்.

"அப்போ ஷேப் ஏன் மாறிச்சு? என்ன கலந்த? சொல்லு, இப்பவே சைன் போடறேன்."

அப்பா ஊற்றிய தண்ணீரில் இருந்த சோடா. பதில் நாக்கிலேயே இருந்தது. அந்த ஒரு சொல் போதும் என்று பிறகுதான் உறைத்தது. அப்போதோ, வாயைத் திறந்தால் பானையும் புழுவும் அப்பாவும் வெளியே வந்துவிடுவார்கள் என்று பயந்தேன். வகுப்பே பார்த்துக்கொண்டிருந்தது.

"தெரியலை சார்."

"வளர்த்தவனுக்குத் தெரியாதா? எங்கேயோ வாங்கிட்டு வந்திருக்கான்." நோட்டைத் தள்ளிவிட்டார். அந்த வருடம் நான் தேர்வு எழுதவில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் அப்பா ஆவலாகக் கேட்டார். "வாத்தியார் பாத்தாராபா? இன்னா சொன்னாரு?"

"உன் நாத்தத் தண்ணியாலதான் எல்லாம் கெட்டுச்சு."

அப்பா ஜாடியை எடுத்துப் புளி போட்டுத் தேய்த்து, கிணற்று நீர் நிரப்பி, என் முன்னால் வைத்தார். பிறகு தன் கையை முகர்ந்து பார்த்தார். வேட்டியில் அழுத்தித் துடைத்துவிட்டு மறுபடி முகர்ந்தார்.

பானையின் நாற்றத்தை எப்படியோ சகித்தேன். அன்று என்னைச் சகிக்க முடியவில்லை.