குப்புசாமியின் உள்ளங்கால்

மலைமேல் செம்மேட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களில் மிளகுக்கொடி படர்ந்த மரம் எதுவானாலும் குப்புசாமி ஏறிவிடுவார். மூங்கில் ஏணியைச் சாத்திவிட்டால் போதும், மற்றதெல்லாம் கால்விரல்களின் வேலை. அந்தக் கால்களை நம்பித்தான் அவர் வீட்டில் உலை கொதித்தது. ஆனால் ஒருநாளும் அவற்றைத் திருப்பிப் பார்த்ததில்லை.

முள் குத்திய குதிகாலுக்கு ஊர் ஆஸ்பத்திரியில் மருந்து போட்டபோது நர்ஸ் அமலோற்பவம்தான் கண்டார். பாதத்தின் நடுவில் அவரைக்கொட்டை அளவுக்கு ஒரு கறுப்பு.

"சுண்ணாம்பு கிண்ணாம்பு வச்சுச் சுட்டுக்காதீங்க. புத்துநோயான்னு பாக்கணும், நாமக்கல் போங்க."

குப்புசாமிக்கு ஒரே கவலைதான் வந்தது. காலை எடுத்துவிட்டால் மரம் ஏறுவது எப்படி?

நாமக்கல்லில் தோல் டாக்டர் வனிதா, விளக்கு வைத்த சின்னக் கண்ணாடிக் கருவியைப் பாதத்தில் பதித்தார். எதிரே திரையில் ஒரு மலைச்சரிவே விரிந்தது. மேடு, பள்ளம், மேடு, பள்ளம் என்று உழுதுபோட்ட சால்கள். இத்தனை வருஷம் மிதித்து நடந்த காலுக்குள் இப்படியொரு காடு கிடந்ததா என்று குப்புசாமி திரையை எட்டிப் பார்த்தார்.

"கறுப்பு பள்ளத்துல மட்டும் ஓடுது பாருங்க. இது வெறும் மச்சம். மேட்டுல ஏறியிருந்தாத்தான் பயப்படணும்" என்றார் டாக்டர்.

போன உயிர் திரும்பி வந்தது. எழப்போனவரை டாக்டர் விடவில்லை. கருவியைச் சுண்டுவிரலுக்கு அடியில் நகர்த்தினார். அங்கே கொள்ளுப்பயறு அளவில் ஒரு புள்ளி. அப்படி ஒன்று இருப்பதே குப்புசாமிக்குத் தெரியாது.

டாக்டர் வாய் திறக்குமுன் திரையைப் பார்த்துக் குப்புசாமியே மெதுவாகச் சொன்னார்: "மேட்டுல இருக்குதுங்களே."

"ஆமாங்க" என்றார் டாக்டர்.

சதையெடுத்துச் சோதித்ததில் புற்றுதான் என்று உறுதியானது. இன்னும் ஆழம் போகாததால் சுண்டுவிரலை எடுத்ததோடு முடிந்தது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. புண் ஆறியதும் மரம் ஏறலாம் என்று டாக்டரே சொல்லிவிட்டார்.

வீடு திரும்பியதும் குப்புசாமி செய்த முதல் காரியம், மனைவி பாப்பாத்தியை வாசல் வெயிலில் உட்காரவைத்து அவள் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டது. அவள் பதறிப்போனாள்.

"ஏனுங்க, உடுங்க. புருசன் பொண்டாட்டி காலைத் தொடறதா? ஊரு பாத்தாச் சிரிக்கும்."

"சிரிச்சாச் சிரிக்கட்டும்."

அவரோடு மலையேறி இறங்கியே தேய்ந்த கால். வெடிப்புக்கும் மண்ணுக்கும் இடையில் அதே மேடும் பள்ளமும் ஓடின. கண்ணை இடுக்கிக்கொண்டு விரல் விரலாகப் பார்த்தார். கறுப்பு எதுவும் இல்லை. இல்லை என்று தெரிந்த பிறகும் அவர் அந்தக் காலைக் கீழே வைக்கவில்லை.