அம்மா வாய் திறக்காத காலை

அம்மா வேலை முடிந்து வந்து கதவைத் தள்ளும்போதே கடலைத்தோலின் காய்ந்த நெடி அவள் புடவையோடு வீட்டுக்குள் வந்துவிடும். அப்பா இறந்த பிறகு கடலூர் முதுநகரில் ஒரு ‘கடலை மில்’லில் பருப்பு பொறுக்கும் வேலைக்குப் போனாள். தனியாகவே போவாள், வருவாள். நானும் அப்படியே இருக்கவேண்டும் என்று அவள் பிடித்த பிடிவாதம்தான் அந்த வருஷம் எங்களுக்குள் மூண்ட சண்டைக்கெல்லாம் காரணம்.

அறுபதுகளின் நடுவில் நான் சிதம்பரத்தில் ஒரு காலேஜில் பி.யூ.சி. சேர்ந்தேன். தினமும் காலை ‘பாசஞ்சர்’ ரயிலில் போகவேண்டும். அம்மாவின் அண்ணன், என் மாமா, அப்போதே முகத்தைச் சுளித்தார். “பொட்டப்புள்ளைய ரயிலேத்தி அனுப்புறியே, நாலு பேரு என்னா பேசுவாங்க?”

மாமாவின் சிநேகிதர் ஒருவர், சிதம்பரத்தில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர், அதே ரயிலில் வருவார். கசங்காத வேட்டி, நெற்றி நிறைய விபூதி. சிதம்பரத்துக்கு முந்தின ஸ்டேஷனான கிள்ளை தாண்டியதும் பெட்டியின் வாசலை அடைத்து நின்றுகொள்வார். அவரை உரசாமல் நான் இறங்க முடியாது. ஒரு நாள் என் பின்னலைப் பிடித்து இழுத்துவிட்டு, “மாமாகிட்ட சொல்லேன், பாப்போம்” என்று சிரித்தார்.

அன்று சாயங்காலமே நான் அம்மாவிடம் சொன்னேன். மறுநாள் அவள் மில்லுக்கு லீவு போட்டுவிட்டு என்னோடு ரயிலேறினாள். இன்றைக்கு அந்த மனிதரை உண்டு இல்லை என்று பண்ணிவிடுவாள் என்று நம்பி உட்கார்ந்திருந்தேன். கிள்ளை வந்தது, போனது. அவர் எழுந்து வாசலில் நின்றார். “கேளும்மா” என்று அவள் கையைச் சுரண்டினேன்.

“ஒனக்கு வாயி இல்லியா? எத்தினி நாளைக்கு நான் கூட வருவேன்?” என்று சொல்லிவிட்டு அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

எனக்கு அப்போது வந்தது தைரியமில்லை, கோபம். அதுவும் அந்த மனிதர் மேல் வந்ததைவிட, என்னை இப்படி நட்டாற்றில் விட்ட அம்மாவின் மேல் வந்த கோபம்தான் அதிகம். அந்த வேகத்தில் எழுந்துபோய்க் கத்தினேன். “வழிய வுட்டு நில்லுங்க. நேத்து எம் பின்னல இழுத்த கை இதுதான?”

“யாரும்மா நீ?” என்றார் அவர், என்னைப் பார்த்தே அறியாதவர் போல.

“ஒங்க சிநேகிதரோட தங்கச்சி பொண்ணு. ஒங்களுக்கு நல்லாத் தெரியும்.”

கூடையோடு உட்கார்ந்திருந்த மீன்காரம்மா ஒருத்தி, “தள்ளி நில்லுய்யா, பொண்ணு எறங்கட்டும்” என்றாள். அவர் தள்ளி நின்றார். அம்மா பிளாட்பாரத்தில் திரும்பும் வண்டிக்காகக் காத்திருந்தாள். நானும் அவள் முகத்தைப் பார்க்காமல் நடந்தேன்.

சாயங்காலம் மாமா வந்தார். “அவரு மொகத்துல நான் எப்பிடி முழிக்கிறது? படிச்சது போதும், நாளைலேர்ந்து அவ வூட்லயே இருக்கட்டும்.”

அம்மா முறத்தைக் கீழே வைத்தாள். “இழுத்தது அவன் கை. வூட்ல இருக்கணும்னா அவன இருக்கச் சொல்லுண்ணே.”

மாமா அதன் பிறகு பல வருஷம் எங்கள் வாசலை மிதிக்கவில்லை. மறுநாள் நான் தனியாகத்தான் ரயிலேறினேன். ஜவுளிக்கடைக்காரர் வேறு பெட்டிக்குப் போய்விட்டார். படித்து முடித்தேன், சர்க்கார் வேலைக்குப் போனேன், முன்பின் தெரியாத ஊர்களில் தனியாக வீடு பிடித்து இருந்தேன். ஆனாலும் அம்மாவை நான் மன்னித்திருக்கவில்லை. எனக்கு நாற்பது வயதானபோது ஒரு நாள் கேட்டேவிட்டேன், “அன்னைக்கி ஒரு வார்த்த நீ பேசியிருந்தா என்னா?”

“எனக்கு மட்டும் பயமா இல்லியா? ஜன்னல் கம்பிய எப்பிடிப் புடிச்சிக்கிட்டிருந்தேன்னு நீ பாத்தியா?” என்றாள்.

இன்று அம்மா இல்லை. கரி எஞ்சினும் மீட்டர் கேஜ் தண்டவாளமும் போய்விட்டன. ஜவுளிக்கடை இருந்த இடத்தில் லாட்ஜ் நிற்கிறது. மாமாவும் போய்விட்டார்; மனுஷன்னா அவரல்லவா மனுஷன் என்று துக்கத்துக்கு வந்தவர்கள் பேசிக்கொண்டார்கள். அன்று ரயிலில் என்ன நடந்தது என்று அவர் சாகும்வரை என்னை ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. எனக்கு அழுகை வரவில்லை. அவர் மேலிருந்த அந்தக் கோபத்தை விட்டுவிடவும் எனக்கு மனமில்லை.