முக்கால் முழக் கேபினெட்

கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்கிறவன் முதல்முறை சுவிட்சைப் போடும்போது கண்ணைவிட மூக்கைத்தான் நம்ப வேண்டும். ஏதாவது கருகினால் முதலில் அதற்குத்தான் தெரியும். சுவிட்சைப் போட்ட பின் வரும் அந்த மூன்று விநாடி எப்படி இருக்கும் என்று இந்த வேலையில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பி.எஸ்சி. முடித்து, இரண்டாயிரத்து ஐந்தில், வேலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடிக் கடையில் சேர்ந்தேன். முதல் மூன்று மாதமும் அந்த மூன்று விநாடியாகவே போனது.

மூக்கு

எங்கள் வீட்டில் காலேஜுக்குப் போன முதல் ஆள் நான். அப்பா ஆம்பூர் பக்கம் டேனரியில், தோலைப் போட்டுச் சுழற்றிப் பதப்படுத்தும் டிரம் ஓட்டுகிறார். தோல் ஊறும் வாடையிலேயே வளர்ந்ததால் என் மூக்கு எந்த நாற்றத்தையும் பெரிதாக எடுத்துக்கொள்ளாது. சேர்ந்த முதல் வாரம், சர்வீசுக்கு வந்த பழைய மெஷினுக்கு சுவிட்சைப் போட்டுவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே டீ குடித்துக்கொண்டிருந்த முதலாளி ஜெயராஜ் அண்ணன் படிகளைத் தாவி ஏறிவந்து பிளக்கைப் பிடுங்கினார். எஸ்எம்பிஎஸ், அதாவது உள்ளே எல்லாவற்றுக்கும் கரண்ட் பிரித்துக் கொடுக்கும் பெட்டி, புகைந்துகொண்டிருந்தது.

அன்றே எனக்கு விதி சொல்லப்பட்டது. மூன்று மாதம் பார்ப்பார். நான் பூட்டிய மெஷின் ஒன்று திரும்பி வந்தால் பேசலாம். இரண்டு வந்தால் பேச்சே கிடையாது. வெளியே அனுப்பினால் எங்கே போவேன் என்பதும் எனக்குத் தெரியும். அப்பாவின் மேஸ்திரி, டிரம் பக்கத்தில் எனக்கும் ஒரு இடம் இருப்பதாக ஏற்கெனவே சொல்லியிருந்தார். ஜெயராஜ் அண்ணன் பிடுங்கிய பிளக்கைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார். "கீழ டீக்கடைக்கே வாசன வருது. உன் மூஞ்சில மூக்கு இன்னாத்துக்குப்பா இருக்குது, கண்ணாடி மாட்டவா?"

மடியில் வந்தது

நான் தனியாகப் பூட்டிய முதல் மெஷினைக் கலவை என்ற ஊரிலிருந்து வந்த ஒரு வாத்தியார் வாங்கிப்போனார். நான்காம் நாள் அதைப் பெட்ஷீட்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு படியேறினார். திரையில் ஒன்றுமே வரவில்லையாம். திறந்தால், மெமரி என்கிற சின்ன அட்டை தன் இடத்திலிருந்து லேசாக எழும்பியிருந்தது. பஸ் குலுக்கலில் கழன்றிருக்கும். ரப்பரால் முனையைத் தேய்த்து அழுத்தினேன், ஓடியது. இரண்டு நிமிட வேலை. ஆனால் கல்லாவிலிருந்த ஜெயராஜ் அண்ணன் என்னைப் பார்த்து ஒரு விரலைக் காட்டினார். என் முகம் சுருங்கியதைப் பார்த்து, தன்னைத் திட்டப்போகிறேன் என்று வாத்தியார் நினைத்துவிட்டார். "போம்போதும் சரி வரும்போதும் சரி, பஸ்ஸு குழியில எறங்கனப்ப கூட கீழ வைக்கல தம்பி, கொழந்த மாதிரி மடியிலயே வெச்சினு வந்தேன்."

இடம் அவ்வளவுதான்

அடுத்து வந்தவர் ஆம்பூர் பாஸ்கர். ஷூ கம்பெனியில் கட்டிங் செக்‌ஷன். வேலை முடிந்து வந்து கார் ரேஸ் விளையாட வேண்டும், அதுதான் அவர் ஆசை. ஆனால் வீடு ஒற்றை அறை. பீரோவுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் இருக்கும் இடத்தைக் கையாலேயே அளந்து காட்டினார். முக்கால் முழம்.

சின்ன கேபினெட், குறைந்த பட்ஜெட், கேம் ஓட வேண்டும்: இந்த மூன்றையும் ஒரே தாளில் எழுதியவர்களுக்கு என் நிலைமை புரியும். ஹார்ட் டிஸ்கைக் குறைத்தேன். ஸ்பீக்கரைப் பட்டியலிலிருந்தே அடித்துவிட்டேன். மிஞ்சிய பணத்தையெல்லாம் கேம் படத்தை ஓட்டும் கிராஃபிக்ஸ் கார்டில் போட்டேன். அது உள்ளே நுழையுமா என்று ஸ்கேல் வைத்து நான்கு முறை அளந்தேன். எஸ்எம்பிஎஸ் மட்டும் கேபினெட்டோடு வந்ததே போதும் என்று விட்டுவிட்டேன். லேபிளில் நானூறு வாட் என்று போட்டிருந்தது. படித்தவன் அல்லவா, எழுத்தை நம்பினேன். என்னை அதுவரை யாரும் சார் என்று கூப்பிட்டதில்லை. பாஸ்கர்தான் முதலில் கூப்பிட்டார். "எடம் கம்மிதான் சார், ஆனா வண்டி மட்டும் நிக்காம ஓடணும்."

கனம்

பத்து நாள் கழித்து அதே மாதிரி கேபினெட் இன்னொன்று வந்தது. கூட வேலை செய்யும் ஃபாரூக் அதன் எஸ்எம்பிஎஸ்ஸைக் கழற்றி என் இடது கையில் வைத்தான்; நல்லது ஒன்றை வலது கையில் வைத்தான். இடது கையில் இருந்தது காலி டிபன் பாக்ஸ் போல லேசு. லேபிள் சொல்வதில் பாதிகூடத் தாங்காது என்றான். இதைத்தான், கரண்டை அதிகம் இழுக்கும் அந்தப் பெரிய கார்டோடு பூட்டி ஆம்பூருக்கு அனுப்பியிருந்தேன்.

மூன்று நாள் நான் யாரிடமும் சொல்லவில்லை. அதை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். கடையில் போன் அடித்தால் எழுந்து தண்ணீர் குடிக்கப் போவேன். பாஸ்கர் வீட்டில் ஜன்னல் திரை தீப்பிடிப்பது போலத் தோன்றும். நானாகச் சொன்னால் திரும்பி வந்த கணக்கில் இது இரண்டாவது மெஷின். டிரம் பக்கம் போய் நிற்க வேண்டியதுதான். நான்காம் நாள் சனிக்கிழமை, ஜெயராஜ் அண்ணன் முன்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அலமாரியிலிருந்து கனமான எஸ்எம்பிஎஸ் ஒன்றை எடுத்துக் கொடுத்து, திங்கட்கிழமை பேசிக்கொள்ளலாம் என்றார். படியிறங்கும்போது ஃபாரூக் தலையில் அடித்துக்கொண்டான். "போனே வரல, நீயா போய் பேஜார வாங்கினு வர்றியே தோஸ்து."

தோல் சட்டை

ஞாயிறு காலை பாஸ்கர் வீட்டில் நான் பார்த்தது கம்ப்யூட்டரே இல்லை, அழகான பழுப்பு நிறத் தோல் பெட்டி. தூசி போகக் கூடாதென்று கம்பெனியில் கழித்துப் போட்ட தோலை வாங்கி, ஓரமெல்லாம் இரட்டைத் தையல் போட்டு கேபினெட்டுக்குச் சட்டை தைத்திருந்தார். சிடி போட ஒரு திறப்பு, பட்டனுக்கு ஒரு திறப்பு, பின்னால் வயர்களுக்கு ஒன்று. காற்றுக்கு எதுவுமில்லை. தொட்டால் இஸ்திரிப் பெட்டி. அரை மணி நேரம் ஓடிவிட்டுத் தானாக நின்றுவிடும் என்று கவலையே இல்லாமல் சொன்னார்; அதுவும் ஓய்வெடுக்கிறது என்று நினைத்திருக்கிறார்.

எல்லாப் பழியையும் அந்தத் தோல் மேல் போட்டுவிட்டு நான் பஸ் ஏறியிருக்கலாம். வாய்வரை வந்தது. பிறகு, பாதித் தப்பு உங்கள் சட்டை, மீதித் தப்பு நான் எழுதிய பட்டியல் என்று சொல்லி, மெஷினைத் திறந்து எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றினேன். சுவிட்சைப் போடும் முன், ஏதாவது வாசனை வந்தால் சொல்லுங்கள் என்று அவரையே பக்கத்தில் நிறுத்தினேன். வரவில்லை. அவர் துளை போடும் பஞ்ச் கருவியும் சுத்தியலும் எடுத்துவந்து, கேபினெட்டில் துளை இருக்கும் இடமெல்லாம் பார்த்துத் தோலில் வரிசையாக ஓட்டை அடிக்கத் தொடங்கினார். எனக்காக வருத்தப்படுவது போல இருந்தது அவர் பேச்சு. "காத்து போவணும்னு மொதல்லியே சொல்லக் கூடாதா சார், செருப்புக்கே நாங்க ஓட்ட வெச்சிதான தைக்கிறோம்."

திங்கட்கிழமை

காலையில் என்னிடமிருந்த கடைச் சாவியை ஜெயராஜ் அண்ணன் மேசைமேல் வைத்துவிட்டு, ரெண்டாவது ஆகிவிட்டது அண்ணே என்றேன். சட்டை தைத்த கதையையும் கேட்டார். சிரிக்கவில்லை. டீயை முழுதாகக் குடித்து முடித்தார். பிறகு சாவியை என் பக்கம் தள்ளினார். "மெஷின் எங்கப்பா திரும்பி வந்துச்சி? அது அங்கதான இருக்குது, நீதான போய்ட்டு வந்திருக்க."

இப்போதும் ஒவ்வொரு மெஷினுக்கும் முதல்முறை சுவிட்சைப் போடும்போது, மூக்கு நன்றாக வேலை செய்கிற ஒருவரைப் பக்கத்தில் நிறுத்திக்கொள்கிறேன். பட்டம் வாங்கிய நான் சேர்த்த தைரியம் மொத்தமும், அப்படி ஒருவரிடம் கேட்கும் அளவுதான்.