வீரபாண்டியன் சார் வைத்த பேர்கள்

வீரபாண்டியன் யாரையும் முட்டாள் என்று திட்டியதில்லை. மக்கு, மண்டு, மரமண்டை, களிமண், ட்யூப்லைட் இதெல்லாம் அவரைப் பொறுத்தவரை சோம்பேறி வாத்தியார்களின் சரக்கு. ஊரெல்லாம் வாயில் போட்டு மென்று துப்பிய வசவை எடுத்து ஒரு பையன் மேல் வீசுவது, அவனுடைய அறிவுக்கு இல்லை, தன்னுடைய அறிவுக்கே இழுக்கு என்று அவர் நினைத்தார். அதனால் ஒவ்வொருவருக்கும் தனியாக யோசித்து, அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி ஒரு பேர் வைப்பார்.

காரைக்குடியில் அவர் வேலை பார்த்தது ஒரு டுடோரியலில். பத்தாவதிலும் பன்னிரண்டாவதிலும் தோற்றவர்கள் மறுபடி எழுதுவதற்காக வந்து சேர்கிற இடம். அவரோ மதுரையில் இயற்பியல் எம்.எஸ்சி., முதல் வகுப்பு. விஞ்ஞானி ஆக வேண்டியவர் என்று அவர் நம்பினார். நேர்முகத் தேர்வில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு மட்டும் அது தெரியாமல் போய்விட்டது. தனக்கும் தோற்றவர்களுக்கும் நடுவில் ஒரு மேசையும் கரும்பலகையும் மட்டுமே இருப்பதில் எங்கோ தவறு நடந்திருக்கிறது என்ற எண்ணம் அவரை விட்டுப் போகவேயில்லை. அந்தத் தூரத்தை அதிகப்படுத்தத்தான் பேர்கள்.

வாட்டசாட்டமாக வந்து நின்ற ஒருவனுக்கு ‘கண்டனூர் வீடு’ என்று வைத்தார். வெளியே பார்த்தால் அரண்மனை, உள்ளே ஆள் குடியில்லை என்று வகுப்புக்கு விளக்கமும் கொடுத்தார். எல்லோரும் விடையெழுதி முடித்த பிறகு கை தூக்குகிறவன் ‘பள்ளத்தூர் கடைசி பஸ்’. எத்தனை முறை சொன்னாலும் பிடித்துக்கொள்ளாதவன் ‘நமுத்த தீப்பெட்டி’. உரசினால் உரசிய இடம்தான் தேயும். வகுப்பு குலுங்கிச் சிரிக்கும். பேர் வாங்கியவனும் சேர்ந்து சிரிப்பான், வேறு வழியில்லாமல். வீரபாண்டியன் சிரிக்க மாட்டார். பெரிய கலைஞர்கள் தங்கள் வேலையைப் பார்த்துத் தாங்களே சிரிப்பதில்லை.

முப்பது வருஷத்துக்கு மேல் இப்படி ஓடியது. பிறகு பள்ளிக்கூடங்களே எல்லோரையும் தேற்றிவிட ஆரம்பித்தன. தோற்பதற்கு ஆள் கிடைக்காமல் டுடோரியலை மூடினார்கள். நாட்டின் அறிவு மட்டம் சரிந்ததற்கு அதுவே சாட்சி என்று வீரபாண்டியன் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். கைத்தொழிலை விட முடியுமா? டிவியில் செய்தி வாசிப்பவர்கள், வார்டு கவுன்சிலர், கேபிள்காரர் என்று எல்லோருக்கும் பேர் வைத்தார். ஒரே மகள் சத்தியப்பிரியாவுக்கு வரன் வரத் தொடங்கியதும் மாப்பிள்ளைகளுக்கு வைத்தார்.

வருகிற பையனிடம் சம்பளம் கேட்க மாட்டார், ஜாதகம் கேட்க மாட்டார். ‘மழையில ஓடுனா அதிகமா நனைவோமா, நடந்தா அதிகமா நனைவோமா?’ என்று கேட்பார். சிலர் ஓடினால் என்றார்கள், சிலர் நடந்தால் என்றார்கள். காரணம் சொல்லத் தெரியாமல் எல்லோரும் அடிபட்டார்கள். முனைவர் பட்டம் வாங்கிய ஒருவர் போனை எடுத்துத் தேட ஆரம்பித்தார். அவருக்குக் காபிகூட வரவில்லை.

கடைசியில் சத்தியப்பிரியாவே ஒருவரைச் சொன்னாள். கோயம்புத்தூரில் அவளோடு வேலை பார்க்கிற கோபிநாத். பையனை வரவழைத்து அதே கேள்வியைக் கேட்டார். குடை இருக்கும்போது எதற்கு இந்தச் சிரமம் என்று அவன் பணிவாகக் கேட்டான். இது அடிமுட்டாள்தனமா, அதிபுத்திசாலித்தனமா என்று அவரால் முடிவு கட்ட முடியவில்லை. அந்தக் குழப்பத்தில் சரி, பெரியவர்கள் வரட்டும் என்று சொல்லிவிட்டார்.

பையன் வீட்டைப் பற்றி அவர் விசாரித்தபோது மனைவி நாகவல்லி, புதுவயலில் அரிசி மில் வைத்திருக்கிறார்கள், நல்ல மாதிரி என்பதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மில்லுக்காரர்களிடம் பேச என்ன இருக்கப் போகிறது, தவிட்டைப் பற்றியா என்று அவர் முனகினார். நாகவல்லி பணியாரத்துக்கு மாவு கரைக்கப் போனாள். அவள் வாய்க்குள் சிரித்ததை அவர் கவனிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வேன் வந்து நின்றது. முதலில் இறங்கியவர் நரைத்த மீசையும் தும்பைப்பூ வேட்டியுமாக இருந்தார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, உள்ளே வராமல் வாசலிலேயே கைகட்டி நின்றார்.

“சார், பதரு வந்திருக்கேன். உள்ள வரலாமா?”

வீரபாண்டியனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் பின்னாலிருந்து ஆறடி உயரத்துக்கு இன்னொருவர் எட்டிப் பார்த்தார்.

“நான் கண்டனூர் வீடு, சார்.”

அப்போதுதான் விளங்கியது. முதலில் வந்தவர் சொக்கு, மாப்பிள்ளையின் அப்பா. பார்வைக்கு நெல்மணி, உடைத்தால் உள்ளே ஒன்றுமில்லை என்று அவர் பேர் வைத்த பையன். இரண்டாமவர் சொக்குவின் தம்பி அழகுராஜா. முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் பின்பெஞ்சில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் இப்போது அவர் வீட்டு சோபாவில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். வீரபாண்டியனுக்குக் காலையிலேயே வியர்த்தது.

சண்டைக்கு வந்திருக்கிறார்களோ என்று அவர் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். கோபத்தின் தடயமே இல்லை. சொக்கு ரொம்ப உற்சாகமாக இருந்தார். மில்லுக்கு அப்பா பெயரில் பெரிய போர்டு வைத்தும் பலனில்லையாம். நெல் கொண்டுவருகிறவர்கள் ‘பதரு மில்’ என்றுதான் கேட்டு வருகிறார்களாம். அரிசி மில்லுக்கு உலகத்திலேயே இப்படி ஒரு பேர் கிடையாது என்று பெருமையாகச் சொன்னார். அந்தப் பேர் விழுந்த அன்றைக்கு மில் குடோனில் மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்து அழுததையும், மறுநாள் முதல் டுடோரியலுக்கு வராமல் நின்றுபோனதையும் அதே உற்சாகத்தோடு, அதே மூச்சில் சொன்னார். அந்த இடத்தில் மட்டும் யாரும் சிரிக்கவில்லை. சொக்கு பணியாரத்தை எடுத்துக்கொண்டார்.

அழகுராஜா உடனே தன் கதையை ஆரம்பித்தார். கல்யாணமான புதிதில் மனைவியிடம் எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியதாம்.

“உள்ள ஆள் இல்லைன்னு எங்க சாரே சொல்லியிருக்காரு, வீடு சும்மாத்தான் கெடக்கு, நீ வந்து குடியிருந்துக்கன்னேன். அன்னையிலேருந்து அவதான் சார் இருக்கா. நான் வாடகைக்கு இருக்கேன்.”

சத்தியப்பிரியா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வீரபாண்டியனும் சிரிக்கப் பார்த்தார்; பழக்கமில்லாத உதடு ஒத்துழைக்கவில்லை. ஏதோ சமாளித்துவிட்டோம் என்று அவர் சாய்ந்து உட்கார்ந்த நேரத்தில், அடுப்படிப் பக்கம் நாகவல்லியோடு பேசிக்கொண்டிருந்த அம்மாள் எழுந்து வந்தார். கோபிநாத்தின் அம்மா மலையம்மாள். சிறிய உருவம், மெல்லிய குரல்.

“நானும் உங்ககிட்டதான் சார் படிச்சேன். இவுக நின்னதுக்கப்புறமும் படிச்சேன். ரெண்டு வருசம்.”

வீரபாண்டியன் அவரை உற்றுப் பார்த்தார். கழுத்து, முகம், மூக்குத்தி. எங்கும் எதுவும் பிடிபடவில்லை.

“ஞாபகம் இருக்காது சார். எனக்குப் பேரு வைக்கல நீங்க.”

விடு மலையா என்றார் சொக்கு. மலையம்மாள் விடவில்லை. அந்த வகுப்பில் எல்லோருக்கும் பேர் இருந்தது, தனக்கு மட்டும் கடைசிவரை கிடைக்கவில்லை என்றார். சொந்தமாக ஒரு பேர் வாங்கிவிட வேண்டும் என்று தெரிந்த விடையைக்கூடத் தப்பாகச் சொல்லிப் பார்த்தாராம். அப்போதும் அவர் அடுத்த பெஞ்சைப் பார்த்து ‘நீ சொல்லு’ என்று போய்விட்டாராம். மற்றவர்களெல்லாம் சாயங்காலம் பேர் சொல்லிக் கூப்பிட்டு விளையாடும்போது, தான் மட்டும் பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போவாராம்.

“திட்டுறதுக்காச்சும் ஒருத்தரைப் பாக்கணும்ல சார். என்னய நீங்க பாக்கவே இல்லை. இப்ப ஒண்ணு வைங்க. வெத்தலைபாக்கு மாத்துறதுக்கு முன்னாடி.”

விளையாட்டாகக் கேட்கிறாரா, நிஜமாகவா என்று யாருக்கும் தெரியவில்லை. அழகுராஜா முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். சொக்கு மெல்லுவதை நிறுத்தினார். சாரின் வாயிலிருந்து ஒரு புதுப் பேர் பிறப்பதைப் பார்க்கும் ஆவல் அவர்கள் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது.

வீரபாண்டியனுக்கு வார்த்தை வரவில்லை. வாழ்நாளில் முதல் தடவை. ஒருவனை மட்டம் தட்டுவதற்குக்கூட அவனைப் பற்றி ஏதாவது தெரிந்திருக்க வேண்டியிருக்கிறது. இந்த அம்மாளைப் பற்றி அவருக்கு எதுவுமே தெரியாது. தண்ணீர் குடித்தார்.

“இப்ப ஒண்ணும் தோணலையேம்மா” என்றார்.

கூடத்தில் இருந்த சங்கடத்தை நாகவல்லி உடைத்தாள். ஆனால் உடைத்த விதம் வேறு மாதிரி இருந்தது.

“அவுகளுக்கு வைக்கத்தான் தெரியும் மதினி, நேரம் காலம் பாக்க மாட்டாக. அவுகளுக்கே நான் ஒரு பேரு வச்சிருக்கேன், தெரியுமா? வடிகட்டி. டீயை எல்லாம் கீழ விட்டுட்டுச் சக்கையை மட்டும் புடிச்சு வச்சுக்கிடும்.”

அழகுராஜாதான் முதலில் வெடித்தார். அப்புறம் வேன் டிரைவர் வாசலிலிருந்து எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சிரிப்பு. வீரபாண்டியன் மகளைப் பார்த்தார். அவள் முகத்தில் ஆச்சரியம் இல்லை. மாட்டிக்கொண்ட களை மட்டுமே இருந்தது. அவருக்கு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. கோயம்புத்தூரிலிருந்து அவள் போன் செய்யும்போதெல்லாம் ‘வடிகட்டி எப்படிம்மா இருக்கு?’ என்று கேட்பாள். ‘இன்னைக்குக் காலையிலேருந்து சரியில்லடி’ என்பாள் நாகவல்லி. அதைக் கேட்டுப் பாவப்பட்டு, அவர் கடைவீதிக்குப் போய் நல்ல எவர்சில்வரில் புது வடிகட்டி ஒன்று வாங்கிவந்து கொடுத்திருக்கிறார். கைப்பிடி உறுதியாக இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து வேறு வாங்கினார். அம்மாவும் மகளும் அன்றைக்கு எதற்கு அப்படிக் கட்டிப்பிடித்துச் சிரித்தார்கள் என்று இப்போது தெரிந்தது.

எழுந்து உள்ளே போய்விடலாமா என்று நினைத்தார். ஆனால் உள்ளூர ஒரு எரிச்சல் அவரை உட்கார வைத்தது. பேர் கச்சிதமாக இருந்தது. தானே வைத்திருந்தாலும் இதைவிடச் சரியாக வைத்திருக்க முடியாது. முப்பது வருஷமாக ஒரே வீட்டில் இப்படி ஒரு ஆளை வைத்துக்கொண்டு, புத்திசாலிகளே கிடைப்பதில்லை என்று புலம்பியிருக்கிறார்.

வெற்றிலைபாக்கு மாற்றினார்கள். மலையம்மாள் போகும்போது, கல்யாணம் வரைக்கும் அவகாசம் தருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு கல்யாண வேலை என்று சொல்லிக்கொண்டு வீரபாண்டியன் அடிக்கடி புதுவயலுக்குப் பஸ் ஏறினார். மில் அலுவலகத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு சம்பந்தியம்மாளைக் கவனித்தார். மலையம்மாள் ஒரு பேச்சைத் தொடங்குவார். நடுவில் லாரிக்காரர் வருவார், போன் வரும், இன்னொருவரோடு சண்டை வரும். டீ குடித்து முடித்த பிறகு, விட்ட பேச்சை விட்ட சொல்லிலிருந்து முடிப்பார். ‘பாதியில நின்ன பாலம்’ என்று வீரபாண்டியன் முதல் பேரை வைத்தார்.

“நான் முடிக்காம விட்டதில்லையே சார். நீங்கதான் பாதியில எந்திரிச்சு பஸ்ஸுக்குப் போயிருவீக.”

அடுத்த வாரம் ‘உப்புப் போடாத ஊறுகாய்’ கொண்டுபோனார். புத்தியைப் பற்றித்தான் கேட்டேன், சாப்பாட்டைப் பற்றி இல்லை என்று அது திரும்பி வந்தது. ‘சார்ஜ் ஏறாத போன்’ என்றபோது மலையம்மாளுக்கு உண்மையாகவே வருத்தமாகிவிட்டது. இது வாட்ஸாப்பில் சுற்றுகிறது, சார் சொந்தமாக யோசித்தது இல்லையே என்றார். அன்று வீரபாண்டியன் கிளம்பும்போது, சார் முன்ன மாதிரி இல்லை பாவம் என்று அவர் சொக்குவிடம் தாழ்ந்த குரலில் சொன்னது காதில் விழுந்தது. பஸ்ஸில் காரைக்குடி வரும்வரை அவருக்கு முகம் சுட்டது. பதினேழு வயதில் ஒருவனுக்கு இது எப்படிச் சுட்டிருக்கும் என்ற நினைப்பு செஞ்சை நிறுத்தம் தாண்டும்போது வந்தது. வந்ததை அவர் விரும்பவில்லை. ஆனால் மறுநாள் யாரும் சொல்லாமலே சொக்குவுக்குப் போன் செய்து, குடோனில் அழுத விஷயத்தைப் பற்றித் தட்டுத்தடுமாறி ஏதோ பேசினார். சொக்கு பதறிப்போய், அதெல்லாம் எப்பவோ சார் என்று நான்கைந்து தடவை சொன்னார்.

கல்யாணத்தன்று மண்டபத்தில் அழகுராஜா மைக்கைப் பிடித்து, பெண்ணின் அப்பா சம்பந்தியம்மாளுக்குப் பேர் சூட்டுவார் என்று அறிவித்துவிட்டார். கூட்டத்தில் பாதிப் பேர் ஏதோ சடங்கு என்று நினைத்து அட்சதையைக் கையில் எடுத்தார்கள். வீரபாண்டியன் மைக்கை வாங்கினார்.

“இந்தம்மாவை நான் ரெண்டு வருசம் பாக்காம இருந்தேன். இப்ப ரெண்டு மாசமாப் பாக்குறேன். இன்னும் பாத்து முடியல.”

அதற்குள் நாதஸ்வரக்காரர் ஆரம்பித்துவிட்டார். மலையம்மாள் புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, இது தப்பிக்கிற பேச்சு, கணக்கில் சேராது என்றார்.

இப்போதும் வீரபாண்டியன் வியாழக்கிழமைகளில் புதுவயலுக்குப் போகிறார். திருந்திவிட்டார் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மில்லுக்கு வருகிற புரோக்கர்களையும் வியாபாரிகளையும் அவரும் மலையம்மாளும் உட்கார்ந்து தரம் பிரிக்கிறார்கள். ஒன்றுக்கு இரண்டாகிவிட்டது என்று நாகவல்லி தலையில் அடித்துக்கொள்கிறாள். போன வாரம் தேவகோட்டைப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்து, யாரையும் பேச விடாமல், பாதி இங்கிலீஷில் உலக அரிசிச் சந்தையை விளக்கிவிட்டுப் போனார். அவர் வாசல் தாண்டியதும் மலையம்மாள் கணக்கு நோட்டிலிருந்து தலை நிமிராமல் சொன்னார்.

“எஞ்சின் ஓடுது சார். டிரைவர் எறங்கி டீ குடிக்கப் போயிட்டான்.”

வீரபாண்டியனுக்கு டீ புரையேறி, சொக்கு ஓடிவந்து தலையில் தட்ட வேண்டியதாயிற்று. மூச்சு வந்ததும் அந்தப் பேரைக் காரைக்குடிக்குக் கொண்டுபோகலாமா, கவுன்சிலருக்குப் பொருத்தமாக இருக்கும் என்று கேட்டார்.

மலையம்மாள் யோசித்துப் பார்த்துவிட்டு, கொடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்.