செக் நாட்டு ஆயரும் எங்கள் வீட்டு ராகுகாலமும்

என் மனைவியின் கழுத்தில் ஒரு கட்டி இருந்தது. புற்றுநோயா இல்லையா என்பதை வெட்டி எடுத்துப் பார்த்தால்தான் சொல்லலாம் என்றார் டொக்டர். ஜூன் மாதத்துப் புதன்கிழமை ஒன்றில், பகல் பன்னிரண்டரைக்குச் சத்திரசிகிச்சை என்று நேரம் தந்தார்கள். மாதக்கணக்காகக் காக்கவைக்கும் இந்த ரொறன்ரோவில் அப்படி ஒரு நாள் கிடைத்தால் கண்ணில் ஒற்றிக்கொண்டு போய்ப் படுப்பதுதான் புத்தி. இவள் நேரே சமையலறைக்குப் போனாள்.

அங்கே ஸ்காபரோ பலசரக்குக் கடைக்காரர் சும்மா கொடுத்த முருகன் கலண்டர் தொங்குகிறது. புதன் ராகுகாலம் பன்னிரண்டு முதல் ஒன்றரை வரை என்று முருகனின் காலடியில் அச்சடித்திருந்தது. உடனே ஆஸ்பத்திரிக்கு போன். அந்த நேரம் எங்களுக்குச் சரிவராது என்றாள். ஏன் என்று கேட்காமலே அங்கிருந்த பெண் இரண்டு மணிக்கு மாற்றிக் கொடுத்துவிட்டாள். இந்த நாட்டுக்காரரின் நாகரிகம் சில இடங்களில் அளவுக்கு மீறியது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊரில் பௌதிகம் படிப்பித்தவன் நான். ராகு என்று ஒரு கிரகமே கிடையாது என்று வகுப்பில் சுண்ணக்கட்டியை ஆட்டி ஆட்டிச் சொன்னவன். அந்த நேரம் பார்த்து, என்னோடு வேலை செய்யும் செக் நாட்டுக்காரர் தங்கள் சங்கத்தில் காட்டும் சரித்திரப் படம் ஒன்றுக்கு இரண்டு டிக்கெட் தந்தார். சமயமும் விஞ்ஞானமும் மோதுகிற கதையாம். இவளுக்கென்றே எடுத்த படம் என்று கூட்டிக்கொண்டு போனேன்.

ஐந்நூறு வருடத்துக்கு முந்திய செக் நகரம். நட்சத்திரம் பார்த்துக் கணக்குப் போடுகிற ஒருவன் அந்த நகரத்துக் கிறிஸ்தவ ஆயரிடம் போய், "உங்கள் நாட்காட்டி பிழை, பெருநாளைத் தவறான நாளில் கொண்டாடுகிறீர்கள்" என்கிறான். ஆயர் அவனை நிலவறையில் போடுகிறார். நான் மனைவியை முழங்கையால் இடித்துக்கொண்டே இருந்தேன்.

வெளியே வந்ததும் அவள் சொன்னாள்: "பாவம் அந்த ஆயர். இவ்வளவு நாளும் பிழையான நாளிலை கும்பிட்டனாங்கள் எண்டு சனத்துக்கு எப்பிடிச் சொல்லுறது?"

"உமக்கு ஆயரிலை இரக்கம் வராட்டித்தான் அதிசயம்" என்றேன்.

அவளை ஒரேயடியாக மடக்குவதற்காக வீட்டுக்கு வந்து பேனையோடு உட்கார்ந்தேன். சூரியன் உதித்து மறையும் வரையுள்ள பகலை எட்டாகப் பிரித்து, அதில் ஒரு பங்கை ராகுவுக்கு எழுதி வைத்திருக்கிறார்கள். புதனுக்கு ஐந்தாம் பங்கு. கலண்டர்க்காரன் யாழ்ப்பாணத்துப் பகலைக் காலை ஆறு, மாலை ஆறு என்று வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறான். ரொறன்ரோவிலோ ஜூன் மாதச் சூரியன் ஐந்தரைக்கே எழும்பி, இரவு ஒன்பது மணிவரை போகாமல் நிற்கும். கூட்டிப் பிரித்துப் பார்த்தேன். இங்கே புதன் ராகுகாலம் ஒன்று இருபதிலிருந்து மூன்றே கால் வரை.

பன்னிரண்டரை நல்ல நேரம். அதை விட்டுவிட்டு, கேட்டு வாங்கிய இரண்டு மணி ராகுவின் மடி.

வயிறு குலுங்கச் சிரித்திருக்க வேண்டும். ஆனால் எனக்குப் பயம் வந்தது. சொன்னால் இவள் இந்த நாளையும் மாற்றச் சொல்வாள், இனி ஒரு நாள் எப்போது கிடைக்குமோ. கடுதாசியை மடித்துக் காற்சட்டைப் பொக்கற் என்ற நிலவறையில் போட்டேன்.

புதன்கிழமை சரியாக இரண்டு மணிக்கு அவளை உள்ளே கொண்டுபோனார்கள். பௌதிக ஆசிரியர் வெளியே இருந்து றிச்மண்ட் ஹில் கோயில் பிள்ளையாரோடு பேரம் பேசினார். முதலில் பதினொரு தேங்காய். இரண்டரைக்கு ஐம்பத்தொன்று. மூன்று மணிக்கு நூற்றெட்டு. மூன்று பத்துக்கு டொக்டர் வந்து எல்லாம் நல்லபடி முடிந்தது என்றார். ராகு போக இன்னும் ஐந்து நிமிடம் இருந்தபடியால் நான் அவரை முழுதாக நம்பவில்லை.

பத்து நாளில் முடிவு வந்தது. புற்றுநோய் இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது காருக்குள் எனக்குத் தைரியம் திரும்பிவிட்டது.

"உமக்கொண்டு சொல்லட்டே? அண்டைக்கு ரெண்டு மணி..."

"ராகுகாலம்" என்றாள், இன்னும் கரகரத்த குரலில். "தெரியும். உடுப்புத் தோய்க்கேக்கை உங்கட பொக்கற்றுக்குள்ளை கடுதாசி கிடந்தது."

"எப்ப?"

"முதல் நாள், செவ்வாய்க்கிழமை."

"பிறகேன் பேசாமல் வந்தனீர்?"

"கணக்கை எனக்கு ஒளிச்சு வைச்சிருந்தியள். நல்லாப் பயந்திட்டியள் எண்டு விளங்கிச்சுது" என்று சீற் பெல்ற்றைத் தளர்த்திக்கொண்டாள். "ரெண்டு பேரும் பயந்தால், ஆஸ்பத்திரிக்குக் கார் ஆர் ஓட்டுறது?"